கரிசல் மண்ணில் அப்பாவுடன் நான்கு நாள்

முதல் நாள் – கோவில்பட்டி

திருச்சியில் காலையில் ரயில் ஏறி கோவில்பட்டியில் இறங்கும்போது உச்சிவெயில். மாசி மாதம்தான், ஆனாலும் பிளாட்பாரம் கொதித்தது. இறங்கியதும் அப்பா செய்த முதல் காரியம், காது மெஷினைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டதுதான். அவருக்கு 78 வயது. இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் மெஷின் இருந்தால் பாதி கேட்கும். 34 வருஷம் பட்டறை வேலை, இரும்பை இரும்பு அடிக்கும் சத்தத்துக்குள்ளேயே போன வாழ்க்கை. பிறந்தது சாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 20 வயதில் ஊரை விட்டு வந்தவர்.

"ஒரு தடவ கோவில்பட்டி வரைக்கும் போயிட்டு வந்துருவோம் தாயி" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் இந்தப் பக்கத்தின் மேல் தீராத ஆசை. கல்லூரியில் படிக்கும்போது இந்த மண்ணின் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்று ஆரம்பித்தது இன்னும் விடவில்லை. இந்த ஊர்களை நான் புத்தகத்தில்தான் சுற்றியிருக்கிறேன். அப்பா காலால் சுற்றியவர். இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டோம்.

லாட்ஜில் பையைப் போட்டு, சாப்பிட்டு, வெயில் கொஞ்சம் தாழ்ந்த பிறகு ஆட்டோ பிடித்தோம். அப்பா போகச் சொன்ன முதல் இடம் காருகுறிச்சி அருணாசலம் சிலை. "நாயனக்காரர் செலதான?" என்று கேட்டு வண்டியைத் திருப்பினார் ஆட்டோக்காரர்.

காருகுறிச்சி என்பது தாமிரபரணிப் பாசனத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கும் ஊர். 1921-இல் பிறந்தவர் அருணாசலம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்து வாசிப்பைப் பழுக்கவைத்துக்கொண்டு, பிறகு இந்தக் கோவில்பட்டியில் குடியேறினார். 1964-இல் இறந்தபோது 43 வயதுகூட நிறையவில்லை. 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலும் இவருடைய நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் 'சிங்கார வேலனே தேவா' பாட்டு வந்தது 1962-இல். தமிழ்நாட்டில் அதைக் கேட்காத காது இருக்காது. ஆனால் அப்பாவிடம் அந்தப் பாட்டைச் சொன்னால், "அது சினிமாவுக்காகச் சுருக்கி வாசிச்சது" என்று கையை உதறிவிடுவார். அவர் பேசுவது வேறொரு ராத்திரியைப் பற்றி. 12 வயதில், பக்கத்து ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவில், மாட்டுவண்டி நுகத்தடியில் உட்கார்ந்து கேட்டாராம். "ஆலாபனையைத் தொடங்கிட்டாருன்னா பீடி குடிக்கிறவன்கூட அணைச்சிருவான். பொகை வாசிப்புக்குள்ள போயிரக்கூடாதுன்னு." இதை என் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்டிருக்கிறேன். இன்று சிலைக்கு முன்னால் நின்றும் அதையேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

சாயந்திரம் செண்பகவல்லி அம்மன் கோவில். கூட்டம் அதிகமில்லை. பூஜை முடிந்து மண்டபத் தூணோரம் உட்கார்ந்து நாதஸ்வரத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். அப்பா நேராக அவரிடம் போய்விட்டார்.

"அண்ணாச்சி, காருகுறிச்சியாரைக் கேட்டிருக்கீகளா?" என்று கேட்டார் அந்த நாயனக்காரர். நாற்பது வயது இருக்கும்.

"நேர்ல கேட்டிருக்கேன்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நான் ரெக்கார்டுலதான் கேட்டது."

பிறகு உறையில் போட்ட வாத்தியத்தை மறுபடி எடுத்து அப்பாவின் மடியில் வைத்தார். ஆச்சா மரத்தில் கடைந்தது. புது மரம் உதவாதாம், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற காய்ந்த மரம்தான் நாதம் கொடுக்குமாம். கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. சீவாளியைத் தனியே கழற்றிக் காட்டினார். விரல்நுனி அளவுதான். நாணல் தட்டையைப் பதப்படுத்திக் கட்டியது. அதை வாயில் வைத்து, எச்சிலில் ஊறவைத்து, நுனியைப் பல்லுக்குத் தெரியாமல் உதட்டால் அமுக்கிப் பார்த்தார். வாத்தியத்தின் கழுத்தில் நூலில் இன்னும் நாலைந்து சீவாளிகள் தொங்கின. "இது ஒடஞ்சா அது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொரல் அண்ணாச்சி. மழைக்காலத்துச் சீவாளி வேற, வெயிலுக்கு வேற."

அப்பா வலது காதைக் காட்டி ஏதோ சொன்னார். அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் வலதுபக்கம் வந்து உட்கார்ந்து, தணிந்த மூச்சில் ஒரு ராகத்தில் ஒரே ஒரு பிடி வாசித்தார். நாதஸ்வரத்தை அவ்வளவு மெதுவாக வாசிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அரை நிமிஷம் இருக்கும்.

"ஆபேரி" என்றார் அப்பா.

கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பினோம். 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பா பல்லுக்கு அது ஆகாது, வாயில் ஊறவைத்துத் தின்றார்.


இரண்டாம் நாள் – இடைசெவல், குமாரபுரம்

டவுன் பஸ்ஸில் திருநெல்வேலி ரோட்டில் தெற்கே போனால் நாலாட்டின்புதூர் தாண்டி இடைசெவல். நான்குவழிச் சாலை வந்த பிறகு ஊரை ஒரு மூச்சில் கடந்துவிடலாம், அவ்வளவு சின்ன ஊர். இந்த ஒரு ஊரிலிருந்து சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள் இரண்டு பேர்.

1922 செப்டம்பர் 16-இல் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணன் பிறந்தார். ஒரு வருஷமும் ஒரு வாரமும் கழித்து, 1923 செப்டம்பர் 23-இல் கு. அழகிரிசாமி. ராஜநாராயணன் சம்சாரி வீடு, அதாவது விவசாயக் குடும்பம். அழகிரிசாமி ஆசாரி வீடு. இரண்டு வீட்டிலும் பேச்சு தெலுங்கு. இரண்டு பேரும் எழுதியது தமிழ். சேர்ந்து திரிந்து, சேர்ந்து புத்தகம் படித்து, சேர்ந்து பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடும் கச்சேரிகள், காருகுறிச்சியாரின் வாசிப்பு, எல்லாம் இவர்களுக்குச் சாப்பாடு மாதிரி. கி.ரா.வுக்கு முதலில் இருந்த ஆசை சங்கீதம்தான். அப்புறம்தான் எழுத்து. நேற்று நாயனக்காரர் கழற்றிக் காட்டிய சீவாளியைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதுவே திரும்பத் திரும்பத் தோன்றுகிறது: இந்த ஊர்க்காரர்கள் கையால் எழுதுவதற்கு ரொம்ப முன்னாலேயே காதால் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அழகிரிசாமி ஊரை விட்டுப் போனார். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்தும் அதை உதறிவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார். பிறகு மலேயாவில் 'தமிழ் நேசன்'. மறுபடி சென்னை. 1970 ஜூலை 5-இல் இறந்தபோது 46 வயது. 'அன்பளிப்பு' தொகுப்புக்கு அகாதெமி விருது அறிவித்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். நிலத்தைப் பார்த்தார், விவசாயிகள் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார், காசநோயோடு மல்லுக்கட்டினார். 1950-களின் கடைசியில்தான் கதை எழுத வந்தார். நண்பர் அங்கிருந்து எழுதிய கடிதங்களை ஒன்று விடாமல் காப்பாற்றி வைத்தார். பிற்பாடு அவை புத்தகமாகவே வந்தன. ஒருவர் தூரத்திலிருந்து இந்த ஊரை எழுதினார், இன்னொருவர் ஊருக்குள் உட்கார்ந்து எழுதினார்.

கண்மாய்க்கரை வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எந்த ஊர், என்ன சோலி என்று விசாரித்தார். அப்பா சாத்தூர்ப் பக்கத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "அப்ப நம்ம ஆளுகதான். உக்காருங்க." அடுத்த முக்கால் மணி நேரம் மழை, மக்காச்சோளம், காட்டுப்பன்னி, யார் யார் பிள்ளைகள் எந்த ஊரில் என்பதுதான் பேச்சு. அவர் பேச்சில் வந்த 'கருக்கல்', 'வெஞ்சனம்', 'பொழி' எல்லாம் எங்கள் வீட்டில் பாட்டி போனதோடு போய்விட்ட வார்த்தைகள். அந்த மரத்தடியில் அவை அப்பா வாயிலும் தாமாக வரத் தொடங்கின. திருச்சியில் அவர் 'கூட்டு, பொரியல்' என்பார். இங்கே 'வெஞ்சனம்' என்றார்.

கி.ரா. செய்த காரியங்களில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி. மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினவன், அப்போதும் பாடத்தைப் பார்க்காமல் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர். அந்த மனிதர், படித்தவர்கள் கொச்சை என்று தள்ளிவைத்த சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து அகராதி போட்டார். அதே மனிதரைப் புதுவைப் பல்கலைக்கழகம் நாட்டார் வழக்காற்றியலுக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்தது. நியாயமான அழைப்பு. ஒரு சொல்லைப் பேசுகிற கடைசி ஆள் போய்விட்டால் அந்தச் சொல்லால் மட்டும் பார்க்க முடிந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து போய்விடும். பொழி என்பதற்கு வரப்பு என்று அர்த்தம் எழுதிவிடலாம். ஆனால் நஞ்சை வரப்பில் நடப்பதும் மானாவாரிப் புஞ்சைப் பொழியில் நடப்பதும் ஒன்றா?

பெரியவர் எங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். பருத்தி வெடித்துக் கிடந்தது. நான் ஒரு காயைப் பறித்தேன். காய்ந்த தோட்டின் முனை ஊசி மாதிரி குத்தியது. உள்ளே சுளைசுளையாகப் பஞ்சு. இழுத்தால் தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, தூசும் தும்பும் சேர்ந்துவிடுகிறது. பக்கத்து நிரையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த அம்மா, "இப்பிடி இல்ல தாயி" என்று ஐந்து விரலையும் காய்க்குள் கவித்து ஒரே சுண்டில் முழுச் சுளையையும் எடுத்துக் காட்டினார். தோடு செடியிலேயே நின்றது. அவர் விரல்நுனிகள் எல்லாம் கீறல். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் காய் இப்படி? கீழே மண் கறுப்பாக, பாளம்பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டுவரை போனது. அடியில் இன்னும் குளிர்ச்சி இருந்தது.

இந்த மண்ணில்தான் 'கதவு' கதை. தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவில் ஏறி ஆட்டம் போட்டுப் பஸ் விளையாடிய பிள்ளைகளுக்கு அது வெறும் பலகை இல்லை. திறந்து கிடக்கும் வீட்டுக்குள் வாடை புகுந்து அடிக்கும். எத்தனை முறை படித்தாலும் அந்த வாசலில் போய் நின்றுவிடுவேன். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையும் பிள்ளைகள் கதைதான். தீபாவளிக்கு முந்தின நாள், யாருமில்லாத ஒரு பையன் உடம்பெல்லாம் சிரங்கோடு தெருவில் நிற்கிறான். சோற்றுக்கே வழியில்லாத வீட்டுத் தாய் அவனைக் கூப்பிட்டுக் குளிப்பாட்டிச் சோறு போட்டுத் துணி கொடுக்கிறாள். பணக்கார வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பெருமை பேசும்போது, இந்த வீட்டுச் சின்னப்பெண் எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள். பையன் பெயர் ராஜா. அழகிரிசாமி அந்த இடத்தில் ஒரு சொல்லைக்கூட அழுத்தி எழுதவில்லை. குழந்தைகள் பேசுவதை அப்படியே காதில் வாங்கி இறக்கி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். இதை நான் முதலில் அப்பாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன், அப்போது அவருக்கு நன்றாகவே காது கேட்டது. இன்று பருத்திக்காட்டில் நின்று கதையை மறுபடி சத்தமாகச் சொன்னேன். பெரியவரும் கேட்டார். "அந்தப் பய பெறகு என்ன ஆனானாம்?" என்றார். கதையில் அது இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இருப்பான்" என்றார்.

கி.ரா. 2021 மே 17-இல் புதுச்சேரியில் காலமானார். 98 வயது. அரசு மரியாதையோடு இந்த ஊருக்குத்தான் கொண்டுவந்தார்கள். கொரோனா காலம், பெரிய கூட்டம் கூட முடியவில்லை. அன்று வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதது நினைவுக்கு வந்தது.

பொழுது சாயும் நேரம் குமாரபுரம் ஸ்டேஷனுக்குப் போனோம். கோவில்பட்டிக்குத் தெற்கே அடுத்த ஸ்டேஷன். அழகிரிசாமி எழுதிய 'குமாரபுரம் ஸ்டேஷன்' கதைக்காகவே. ஊரே இல்லாத இந்த வெட்டவெளியில் எதற்கு ஒரு ஸ்டேஷன் என்று கேட்டவர், வந்து போகும் மனிதர்களைப் பார்த்து, ரயிலில் அவர்கள் பேச்சைக் கேட்டு மனம் மாறுகிற கதை. பெரிதாக எதுவும் நடக்காது. பேச்சுதான் நடக்கும். பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் ஓடியது. அது வருவதற்கு முன்பே அப்பா மெஷினைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டார். இரும்புச் சத்தம் அவருக்கு இனி வேண்டாம். ரயில் கடந்த பிறகு மாட்டிக்கொண்டு, "மயில் கத்துது பாத்தியா" என்றார். எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலிக்கருவைக்கு அந்தப் பக்கமிருந்து நிஜமாகவே மயில் கத்தியது.


மூன்றாம் நாள் – எட்டயபுரம்

கிளம்பும் வழியில் கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு எழுப்பியிருக்கும் நினைவு அரங்கத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினோம். கிழக்கே அரைமணி நேரத்துக்குள் எட்டயபுரம்.

பாரதி பிறந்த வீட்டில் தரை குளிர்ந்து கிடந்தது. 1882 டிசம்பர் 11. பதினோரு வயதில் இந்த ஊர் அரண்மனைச் சபையில் பாரதி என்ற பட்டம். பாரதியின் அப்பா சின்னசாமி ஐயர் இங்கே பஞ்சாலை வைத்து நஷ்டப்பட்டு உடைந்துபோனவர். நேற்று கையில் எடுத்த பருத்திச் சுளை ஞாபகத்துக்கு வந்தது. கரிசல் பருத்தியை நம்பித் தொழில் தொடங்கிய ஒரு தகப்பன், அது கைவிட்டதும் நொடித்துப்போகிறார். 15, 16 வயதுப் பையன் அநாதையாகிக் காசிக்குப் போகிறான். பாரதியின் வாழ்க்கை வரலாற்றில் இந்தப் பஞ்சாலையை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு இந்த வீட்டில் நிற்கும்போது அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிந்தது.

பாரதி மணிமண்டபம் ஊர் மக்களும் வாசகர்களும் கொடுத்த காசில் எழுந்தது. கல்கி தம் பத்திரிகையில் எழுதிக் கேட்டார், சின்னச்சின்னத் தொகைகளாகப் பணம் வந்து குவிந்தது. 1947 அக்டோபரில், சுதந்திரம் வந்து இரண்டு மாதத்தில், ராஜாஜி திறந்துவைத்தார். அப்பா தூணைத் தடவிக்கொண்டே நடந்தார். அவருடைய அப்பாவும் இதற்குக் காசு கொடுத்தாராம், எவ்வளவு என்று நினைவில்லையாம்.

ஆனால் இன்றைய நாள் பாரதி வீட்டோடு முடியவில்லை. நான் முக்கியமாகப் பார்க்க வந்தது சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் சமாதி. திருவாரூரில் 1775-இல் பிறந்தவர். காவிரிக்கரையில் பிறந்து கோயில் கோயிலாகப் பாடியவர் கடைசியில் இந்த வறண்ட சீமையில் வந்து 1835 தீபாவளி நாளில் கண்மூடினார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரண்மனை வித்துவான். வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றவர். தம்பியைப் பார்க்க வரும் வழியில் சாத்தூர்ப் பக்கம் பயிரெல்லாம் கருகிக் கிடப்பதைக் கண்டு அமிர்தவர்ஷிணி ராகத்தில் 'ஆனந்தாமிர்தாகர்ஷிணி' பாடினார், மழை கொட்டியது என்று வழிவழியாக ஒரு கதை. அப்பாவிடம் சத்தமாகச் சொன்னேன்.

"எங்க ஊர்ப் பக்கமா?"

"ஆமாப்பா."

"பாடியிருப்பாரு. அங்க அந்தக் கோலத்தப் பாத்தா யாருக்கும் பாடணும்னுதான் தோணும்."

சமாதியில் யாருமில்லை. ஒரு அம்மா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கல்லில் உட்கார்ந்து, கைபேசியில் 'மீனாட்சி மே முதம் தேஹி' போட்டு அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அந்தக் கீர்த்தனையைச் சீடர்கள் பாடக் கேட்டுக்கொண்டே தீட்சிதர் உயிர்விட்டார் என்பார்கள். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார், பாட்டு முடியும்வரை.

இந்த ஊருக்குச் சங்கீத உலகம் பட்ட இன்னொரு கடன் இருக்கிறது. பாலுசாமி தீட்சிதரின் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், குடும்பத்துக்குள் பொத்திவைத்திருந்த கீர்த்தனைகளையும் அவற்றின் கமகங்களையும், அதாவது ஸ்வரங்களின் அசைவுகளையும், குறிபோட்டு எழுதி 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்று வெளியிட்டார். அச்சானது இங்கேயே, எட்டயபுரத்தில். தெலுங்கு எழுத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். வாயிலிருந்து காதுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்ததை ஒரு கிழவர் தன் கடைசிக் காலத்தில் உட்கார்ந்து தாளுக்கு மாற்றினார். கி.ரா. சொற்களுக்குச் செய்ததை இவர் ஸ்வரங்களுக்குச் செய்திருக்கிறார். இரண்டு பேருக்கும் இடையில் தூரம் ஒரு டவுன் பஸ் டிக்கெட்தான்.

பாரதி சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், எந்தக் கச்சேரிக்குப் போனாலும் வித்துவான்கள் அதே பாட்டுகளையே பாடுகிறார்களே என்று வருத்தப்படுகிறார். அந்தப் பட்டியலில் முதலில் வருவது 'வாதாபி கணபதிம்'. தன் சொந்த ஊரில் உறங்கும் தீட்சிதருடைய பாட்டு. கேட்பவனுக்கு அர்த்தம் புரியாமல் பாடுவதில் உயிர் இல்லை என்பது அவர் கட்சி. அதனால்தான் சிந்து, கும்மி, கண்ணி என்று ஜனங்கள் வாயில் கிடந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரையும் ஒரே நாளில் பார்க்கும்போது யார் பக்கம் நிற்பது? எனக்குச் சமாதியில் நின்றபோது தீட்சிதர் பக்கம். பஸ் ஸ்டாண்டில், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை 'ஓடி விளையாடு பாப்பா' என்று முணுமுணுத்துக்கொண்டு போனபோது பாரதி பக்கம்.

உமறுப்புலவர் தர்காவுக்குப் போகும்போது வெயில் உச்சியில் இருந்தது. அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்து, நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5,027 பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடியவர். அப்பாவுக்குக் களைப்பு. நிழலில் உட்கார்ந்துகொண்டார். தர்காவில் இருந்தவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கால்மணி நேரம்தான் இருந்தோம், இன்னொரு முறை நிதானமாக வர வேண்டும்.


நான்காம் நாள் – கழுகுமலை, திரும்புதல்

மதியம் ரயில். அதனால் விடிகாலையிலேயே கழுகுமலைக்கு பஸ். மலைமேல் ஒரே பாறையைக் குடைந்து செய்த வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. அப்பா ஏற மாட்டார், அவரை விட்டுவிட்டு நான் மட்டும் ஏற மனமில்லை. கீழே கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டு வெளிமண்டபத்தில் உட்கார்ந்துவிட்டோம்.

இந்த முருகனை வைத்துத்தான் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். முப்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். காவடி எடுக்கிறவர்கள் பாதம் வைக்கிற தாளத்துக்குள் அவ்வளவு தமிழை எப்படிச் செருகினார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். இதைத் தேடிச் சேர்த்துப் பதிப்பித்தவர் யார் தெரியுமா? இடைசெவல் அழகிரிசாமிதான். சிறுகதை எழுதிப் பெயர் வாங்கியவர், தன் எழுத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொருவர் பாட்டுக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறார். சின்ன வயதில் அவர் காதில் விழுந்த காவடிச் சத்தம் சென்னைக்குப் போயும் விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவிடம் காவடிச்சிந்து தெரியுமா என்று கேட்டேன். இவ்வளவு வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. தொடையில் தாளம் தட்டிப் பார்த்தார். நின்றார். மறுபடி தட்டினார்.

"சென்னிகுள நகர்வாசன் – தமிழ்
தேறும் அண்ணாமலை தாசன்..."

குரல் உடைந்து, ஸ்ருதி எங்கேயோ போனது. தாளம் மட்டும் ஒரு இம்மி பிசகவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாலு வரியில் மறந்துபோய் நிறுத்திவிட்டார். எங்கே கற்றது என்று கேட்டேன். அவருடைய அம்மா பருத்திக்காட்டில் நிரை பிடித்து எடுக்கும்போது பாடுவாராம். பாட்டி படிக்காதவர். எனக்குத் தெரிந்து அவர் வாயில் ஒரு பாட்டுகூட நான் கேட்டதில்லை. அவருக்கு அண்ணாமலை ரெட்டியார் பெயர் தெரிந்திருந்தது, பாட்டுக்குள்ளேயே பெயர் இருந்ததால்.

நோட்டை எடுத்தேன். பாட்டி காட்டில் வேறென்ன பாடுவார், அந்த நிரைக்கு என்ன பெயர், எடுத்த பருத்தியை எதில் போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்பா யோசித்து யோசித்துச் சொன்னார். பஸ்ஸிலும் எழுதினேன், கோவில்பட்டி ஸ்டேஷன் பெஞ்சிலும் எழுதினேன். இப்போது ரயில். எதிர் சீட்டில் தென்காசிப் பக்கத்து அம்மா ஒருவர். அப்பா அவரிடம் காருகுறிச்சியார் கதையைத் தொடங்கியிருக்கிறார், நுகத்தடி வரை வந்துவிட்டது. பீடி இன்னும் வரவில்லை.

சாத்தூர் நெருங்குகிறது. அப்பா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வைப்பாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும் சத்தம் மாறியது. இந்த முறை அவர் மெஷினைக் கழற்றவில்லை.

"மணலுக்கு நடுவுல கொஞ்சம் தண்ணி கெடக்கு தாயி. அதையும் எழுதிக்க."